இரண்டு விரல் இடுக்கு

சீலிங் பூச்சு பெயர்ந்து விழுந்தபோது தையல்காரி மிஷினில் இல்லை. அடுப்பில் வைத்த பால் நினைவுக்கு வந்து எழுந்து போயிருந்தாள். பால் பொங்கவில்லை, சரியாகச் சூடுகூட ஏறியிருக்கவில்லை. வேலையைக் கெடுத்துக்கொண்டு எழுந்து வந்தோமே என்று அவள் தன்னையே நொந்துகொண்டு நின்ற நேரத்தில்தான் அறையில் சத்தம் கேட்டது. தோளிலிருந்து மூட்டையை இறக்கிப் போட்டது போல ஒரு சத்தம். அதன் பிறகு கொஞ்ச நேரம் பொடி உதிர்ந்துகொண்டிருந்தது.

போய்ப் பார்த்தாள். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் இரண்டு துண்டுகள். ஒன்று மிஷின் தலையில் விழுந்து ஊசியை வளைத்திருந்தது. இன்னொன்று அவள் உட்காரும் ஸ்டூலின் மேல், யாரோ எடுத்து வைத்த மாதிரி நட்டநடுவில் இருந்தது. மேலே, பூச்சு போன இடத்தில் கம்பி தெரிந்தது. துரு ஏறி ஊதிப் போய், செதில் செதிலாக நின்றது.

அவள் முதலில் தைத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடச் சட்டையை எடுத்து உதறி, அடுத்த அறையில் கட்டில் மேல் போட்டாள். பிறகு போய் அடுப்பை அணைத்தாள். டம்ளரில் தண்ணீர் பிடித்தால் பாதி தரையில் போயிற்று.

கணவர் பஸ் டிரைவர். வண்டி ஓட்டும்போது போன் எடுக்க மாட்டார். அதனால் தம்பியைக் கூப்பிட்டாள். தம்பி பிளம்பர். நாலு தெரு தள்ளி வீடு.

"சீலிங் விழுந்துடுச்சுடா."

"உன் மேலயா?"

"இல்ல. ஸ்டூல் மேல."

"அப்ப சரி. ஞாயித்துக்கெழம வந்து பூசி விட்டுர்றேன். நீ அதுக்குக் கீழ உக்காராத."

"இந்தத் தடவ கம்பி தெரியுதுடா."

அவன் பக்கத்தில் யாரோ குழாயை அறுக்கும் சத்தம் கேட்டது. "எங்க, மூலையிலயா?" என்றான்.

"மூலையிலேர்ந்து ரெண்டடி தள்ளி."

"சரிக்கா. பாக்கலாம்," என்று வைத்துவிட்டான்.

அந்த ஈரம் அவர்கள் வீட்டுக்குப் புதிதல்ல. மூன்று வருடமாக அது கூடவே குடியிருந்தது. முதலில் மூலையில் டீக்கறை மாதிரி ஒரு வட்டம். அடுத்த வருடம் பெயிண்ட் கொப்புளம் கட்டியது. விரலால் அழுத்தினால் அப்பளம் போல நொறுங்கியது. ஒவ்வொரு முறையும் தம்பிதான் வந்தான். சுரண்டினான், பட்டி வைத்தான், ஏதோ வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தான். ஆறு மாதம் தாங்கும். பிறகு கறை பழைய இடத்திலேயே எட்டிப் பார்க்கும். கீழே அடுக்கி வைத்த துணிக்கு மண் வாடை ஏறியதால் அவள் அடுக்கை எதிர்ச்சுவருக்கு மாற்றினாள். கறை நகர்ந்ததும் மிஷினையும் நகர்த்தினாள். கடைசியில் அறையில் அவளுக்கு மிஞ்சியது ஒரு ஸ்டூலும், ஒரு ஆள் நிற்கும் இடமும்தான்.

தையல் அறைக்கு நேர் மேலே இருப்பது மாடி வீட்டுக் குளியலறை. அங்கே தனியாக இருப்பவர் ஓய்வு பெற்ற நர்ஸ். குளியலறையின் வடிகால் குழாய் தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கி, இவர்கள் அறையின் மூலை வழியாக வெளிச்சுவருக்குப் போகிறது. அது பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று தம்பிதான் மூலையில் பலகை அடித்து மறைத்துக் கொடுத்திருந்தான்.

"மேல அந்தம்மா தண்ணிய ஊத்தோ ஊத்துன்னு ஊத்துது மாமா. தளம் எவ்ளோதான் தாங்கும்," என்று முதல் கறை வந்தபோது அவன் டிரைவரிடம் சொன்னான்.

டிரைவருக்கு அது போதுமானதாக இருந்தது. தினம் நூறு பேர் ஏறி இறங்கும் வண்டியை வாயால் கட்டி மேய்க்கிறவர். மாடிப்படியில் நின்றுகொண்டு, "ஆத்துல எறங்கின மாதிரி குளிச்சா கீழ இருக்கறவன் எங்க போவான்," என்று ஒரு நாள் சொன்னார். பிறகு கறை பெரிதாகும் போதெல்லாம் சொன்னார். போன வருடம் தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழிந்த ஒரு நாளில் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. நர்ஸம்மா படியிறங்கும்போது அவர்கள் கதவு திறந்திருந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு போவார்.

சாயங்காலம் டிரைவர் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அறையைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார். துண்டை அவள் இன்னும் எடுக்காமல் வைத்திருந்தாள்.

"நீ உக்காந்திருந்தா?"

"பால் வெச்சிருந்தேன். எந்திரிச்சுப் போனேன்."

அவர் துண்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். அவளும் பின்னாலேயே ஓடினாள்.

நர்ஸம்மா கதவைத் திறந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். டிரைவர் துண்டை வாசற்படியில் வைத்தார்.

"இது எங்க சீலிங். என் பொண்டாட்டி தலையில விழ வேண்டியது."

நர்ஸம்மா குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். "அடி பட்டுச்சா?" என்று தையல்காரியைக் கேட்டார்.

"இல்லைங்க."

"பயந்துட்டியா?"

"லேசா."

"உள்ள வா. ரெண்டு பேரும் வாங்க. வந்து என் பாத்ரூமப் பாருங்க. ரெண்டு வருஷமா கூப்பிடறேன், ஒருத்தரும் வர மாட்டேங்கறீங்க."

"பாத்து என்ன ஆகப் போவுது," என்றார் டிரைவர். "இவ தம்பி பிளம்பர். அவனுக்குத் தெரியாததா."

"அவருதான் எனக்கும் வேலை செஞ்சாரு. நல்லாத்தான் செஞ்சாரு. இருந்தாலும் இந்தத் தடவ வெளியாள் ஒருத்தர் வந்து பாக்கட்டும். எனக்குத் தெரிஞ்ச மேஸ்திரி ஒருத்தர் இருக்காரு. எங்க ஆஸ்பத்திரிக் கட்டடத்துல ஒழுகற இடத்தையெல்லாம் அவருதான் கண்டுபிடிப்பாரு. அவரு என் பேர்ல தப்புன்னா உங்க சீலிங்க நான் கட்டித் தர்றேன். போதுமா டிரைவர் சார்?"

சண்டைக்கு வந்தவர் கைவீசிக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று.

ராத்திரிச் சாப்பாட்டின்போது தம்பிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். தம்பி மேஸ்திரி வேண்டாம் என்றான். "உடைக்க ஆரம்பிச்சா நிக்காது மாமா. மேலேர்ந்து கெமிக்கல் ஊத்தி அடைச்சுடலாம். நானே வர்றேன்."

"அதான் மூணு வாட்டி வந்தியே மாப்ள."

"குழாய் போட்டது நான். அதுல கோளாறு இல்ல. குழாயச் சுத்தி அடைச்சது டைல்ஸ் போட்டவன். அவன் ஒழுங்கா அடைச்சானோ என்னவோ. ஆளு ஊர விட்டே போயிட்டான்."

இதை அவன் இதுவரை சொன்னதில்லை. தையல்காரி தட்டிலிருந்து தலையைத் தூக்கிக் கணவனின் போனைப் பார்த்தாள். டிரைவர் அதைக் கவனிக்காமல், "அப்ப அவன்தான் காரணம்னு வந்துட்டுப் போவுது," என்று வைத்துவிட்டார்.

மேஸ்திரி வெள்ளிக்கிழமை காலை வந்தார். ஒடிசலான ஆள். முழங்காலுக்குத் துணி சுற்றியிருந்தார். முப்பது வருடம் துளைக்கும் மிஷின் பிடித்ததில் காது மந்தமாகிவிட்டது. அதனால் மெதுவாகப் பேச அவருக்கு வராது. இரண்டு வீட்டு ரகசியமும் அன்றைக்கு மூன்று மாடிக்கும் கேட்டது.

"ஈரம் எந்நேரமும் இருக்கா, விட்டு விட்டு வருதா?"

"காலையில கொஞ்சம் கூட. அப்புறம் கம்மியாயிடும்," என்றாள் தையல்காரி.

"அப்ப வர்ற குழாய் இல்ல, போற குழாய். வர்ற குழாய் ஒழுகினா நாள் முழுக்க சொட்டும்." சொல்லிக்கொண்டே மூலையில் அடித்திருந்த பலகையைத் தட்டினார். "இது எதுக்கு?"

"குழாய் தெரியக் கூடாதுன்னு."

"ஒழுகற எடத்துக்குச் சட்ட போட்டு விட்டிருக்கீங்க," என்று ஆணியைப் பிடுங்கினார்.

பலகைக்குப் பின்னால் குழாய் இருந்தது. அது தளத்துக்குள் நுழையும் இடத்தைச் சுற்றி மெல்லிய சிமெண்ட் பூச்சு. அது பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. மேஸ்திரி அதை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு மாடிக்கு ஏறினார். அங்கே குளியலறை வடிகாலின் வாயில் துணிப்பந்தை வைத்து அடைத்தார். ஒரு பக்கெட் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலக்கித் தரையில் ஊற்றினார். மேலும் இரண்டு பக்கெட். குளியலறை வாசலில் ஈரச் சாக்கைச் சுருட்டி அணை போட்டார். தண்ணீர் இரண்டு விரல் உயரம் நின்றது. சுவரில் பென்சிலால் கோடு போட்டார்.

"இனிமே உக்காந்திருக்க வேண்டியதுதான். டீ இருக்கா?"

டிரைவர் கீழே மூலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அவருக்கு மதிய டியூட்டி. மேஸ்திரி படியில் உட்கார்ந்து டீயில் ரொட்டியை நனைத்துத் தின்றார். தையல்காரிக்கு மேலேயும் கீழேயும் நிலைகொள்ளவில்லை. கடைசியில் நர்ஸம்மா வீட்டு நாற்காலி ஒன்றில் நுனியில் உட்கார்ந்தாள். அந்த வீட்டுக்குள் அவள் வந்து வருடக்கணக்கு ஆகியிருந்தது.

குளியலறைச் சாமான்களை எடுத்து வெளியே வைத்திருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் பேசின். அதில் மடித்து வைத்த வெள்ளைத் துணி இரண்டு. ஒரு சோப்புப் பெட்டி. ஒரு சின்ன மக். ஷவருக்கு பிளாஸ்டிக் பை கட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

"ஷவர் ரிப்பேருங்களா?"

"இல்லியே. நல்லா வரும்."

"பின்ன ஏன் கட்டி வெச்சிருக்கீங்க?"

நர்ஸம்மா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "ஞாபகமில்லாம தொறந்துடக் கூடாதுன்னுதான்." பிறகு, வார்டில் நோயாளி நிலவரம் சொல்வது போலச் சொன்னார். "உங்க வீட்டுக்காரரு படியில நின்னு சத்தம் போட்டாரு பாரு, அதுலேர்ந்து நான் ஊத்திக் குளிக்கறதில்ல. பேசின்ல தண்ணி வெச்சு ஒடம்பத் தொடச்சுக்குவேன். படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்குச் செய்வோமே, அந்த மாதிரி. ஆயிரம் பேருக்குச் செஞ்ச கை. எனக்குச் செஞ்சுக்கறதுல என்ன கஷ்டம்."

"தலைக்கு?"

"மாசத்துக்கு ரெண்டு தடவ தங்கச்சி வீட்டுக்குப் போவேன். அங்க குளிச்சுட்டு வருவேன்."

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருஷம் ஆயிருச்சா?" என்று அவர் கணக்குப் பார்த்தார். "ஆயிருக்கும். அப்படியும் உங்க வீட்டுல ஈரம் நிக்கலங்கறப்ப எனக்கே சந்தேகம் வந்துருச்சு. தொடச்ச தண்ணிய ஊத்தறனே, அதுதான் போவுதோன்னு. அப்புறம் அதையும் செடிக்கு ஊத்த ஆரம்பிச்சேன். துணி அலசின தண்ணி மட்டும்தான் அங்க போவுது."

தையல்காரி மன்னிப்பு என்று எதையாவது சொல்லலாம். ஆனால் சொல்லப் போவது எதுவும் அந்த ரப்பர் பேண்டுக்கு முன்னால் நிற்கும் போலத் தெரியவில்லை. காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அதற்கும் தண்ணீரைக் கம்மியாகத் திறந்தாள்.

பதினோரு மணிக்குக் கீழிருந்து டிரைவர் கூப்பிட்டார். சத்தமாக அல்ல. "மேஸ்திரி, கொஞ்சம் வாங்க."

குழாயைச் சுற்றி நீலமாக ஒரு வளையம். அதிலிருந்து ஒரு சொட்டு திரண்டு, குழாய் வழியாக வழிந்து, தரையில் விரித்திருந்த செய்தித்தாளில் விழுந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

"குழாய்ல கோளாறில்ல," என்று மேஸ்திரி முழுக் குரலில் அறிவித்தார். "வடிகால அடைச்சு வெச்சிருக்கேன். குழாய்க்குள்ள தண்ணியே போவல. இது குழாய்க்கு வெளிய, தளத்து ஓட்ட வழியா வருது. இந்த ஓட்டைய எவனோ அடைக்காமயே விட்டுட்டான். மேல அந்தம்மா சொம்புத் தண்ணி ஊத்துனாலும் வரும், தொட்டித் தண்ணி ஊத்துனாலும் வரும். அவங்க மேல தப்பில்ல."

மாடிப்படியில் நின்ற நர்ஸம்மாவுக்கு அது கேட்டிருக்கும். டிரைவர் செய்தித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று, ஆகாத நேரத்தை ஆகிவிட்டதாகச் சொல்லிக் கிளம்பினார்.

அவர் போன பிறகு மேஸ்திரி மேலே டைல்ஸை உடைத்தார். அவ்வளவு வேலை இருக்கவில்லை. வடிகாலைச் சுற்றி நாலு டைல்ஸ், அதன் கீழே அரை அங்குலக் கலவை. உளியை இரண்டு தட்டுத் தட்டியதும் கலவை உள்வாங்கிக் குழிந்தது.

"பாருங்க," என்றார். "முன்னாடி இங்க இரும்புக் குழாய் இருந்திருக்கு. அது பெருசு. அத எடுத்துட்டு பிளாஸ்டிக் குழாய் எறக்கியிருக்காங்க. இது சிறுசு. சுத்திலும் ரெண்டு வெரல் இடுக்கு நிக்குது. கீழ பலக குடுத்து, கழுவி, ரெண்டு தடவையா கான்கிரீட் போட்டு எறுக்கணும். இவன் என்ன பண்ணியிருக்கான்னா..." விரலை உள்ளே விட்டு இழுத்தார். சிமெண்ட் சாக்கின் ஒரு கிழிசல் வந்தது. மறுபடி இழுத்தார். கறுத்துப் போன ஒரு துணிச்சுருள், கொழகொழவென்று, முழு நீளத்துக்கு வந்தது. "சாக்கும் துணியும் வெச்சுத் திணிச்சு மேல தோல் போட்டுட்டுப் போயிட்டான்."

துணி தரையில் விழுந்து கொஞ்சம் விரிந்தது. தையல்காரி அதைப் பார்த்தாள். சட்டையின் முன்பக்கம். பையோடு. பையின் இடது ஓரத்தில் பென்சில் வைக்க ஒரு சின்னத் தடுப்பு, இரட்டைத் தையல் போட்டு.

அப்படிப் பை வைத்து அவள் இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சட்டை தைத்திருக்கிறாள்.

"டைல்ஸ்காரன் பண்ணதுன்னு உங்க தம்பி சொன்னாராமே, உங்க வீட்டுக்காரரு மேஸ்திரிகிட்ட சொல்லியிருக்காரு," என்று நர்ஸம்மா கேட்டார்.

"அப்படித்தான் சொன்னான்," என்றாள் தையல்காரி. பொய் இல்லை. அவன் அப்படித்தான் சொன்னான். துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். "குப்பையில போட்டுர்றேன்."

குப்பையில் போடவில்லை. கீழே வந்து சோப்புப் போட்டுக் கசக்கினாள். எட்டுத் தண்ணீருக்குப் பிறகு அடிநிறம் தெரிந்தது. சாம்பல் நிறம். காலர் ஒரு பக்கம் இல்லை. ஒரு கை இல்லை. மற்றபடி தையல் ஒன்றும் விடவில்லை. பின்பக்கக் கொடியில் இரண்டு கிளிப் போட்டுக் காயப் போட்டாள். பிறகு தம்பிக்குப் போன் பண்ணி, மத்தியானம் சாப்பிட வா என்றாள்.

அவன் இரண்டு மணிக்கு வந்தான். கை கழுவப் பின்பக்கம் போனான். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் சோற்றைத் தட்டில் போட்டு, பக்கத்தில் முட்டையை வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் குழாய் நின்றது. அவன் உள்ளே வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். சாப்பிடவில்லை.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"அப்புறம் எடுத்துட்டுப் பூசிக்கலாம்னுதான் அன்னிக்கு வெச்சேன்க்கா. தற்காலிகமா. மேலேர்ந்து குப்ப விழாம இருக்கட்டும்னு."

"என்னிக்கு?"

அவன் சோற்றை ஒரு விரலால் பிசைந்தான். "நீ அப்பா வீட்டுலேர்ந்து போன் பண்ணினியே. அப்பா கீழ விழுந்துட்டாரு, பேச்சு வரலன்னு. அப்ப நான் இங்க மேலதான் இருந்தேன். பழைய குழாய அறுத்து எடுத்துட்டு, புதுசு எறக்கி நிறுத்திட்டேன். கலவ கலக்கப் போறேன், உன் போன் வருது. பையில கெடந்த பழைய சட்டையத் திணிச்சு, இருந்த சிமெண்ட்ட மேல தடவிட்டு ஓடி வந்தேன். நான் ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்குள்ள அப்பா போயிட்டாரு."

அவளுக்கு அந்த நாள் தெரியும். அவன் சிமெண்ட் கையோடு வந்ததும் தெரியும். அப்பாவின் கையைப் பிடிக்கும் முன் பேண்டில் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். போகவில்லை.

"அன்னிக்கு விட்டுட்டு வந்தத யாருடா கேட்டா," என்றாள். "அதுக்கப்புறம்?"

"பத்து நாள் கழிச்சுப் போனேன். டைல்ஸ் போட்டு முடிச்சிருந்தாங்க. பளபளன்னு இருந்துச்சு. நல்லா செஞ்சீங்க தம்பின்னு அந்தம்மா டீ குடுத்தாங்க. இத உடைக்கணும்னு சொல்ல வாய் வரல. பிடிச்சுக்கும், ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"கறை வந்தப்ப?"

"அப்பவும் சொல்லியிருக்கலாம்."

"பலக அடிச்ச."

"ஆமா."

"பெயிண்ட் அடிச்ச. மூணு வாட்டி. அவங்க தண்ணிய ஊத்தறாங்கன்னு மாமாகிட்ட நீதான்டா சொன்ன. அந்த மனுஷன் அத வேதவாக்கா எடுத்துக்கிட்டு ஊர் கேக்கக் கத்தினாரு. அங்க அந்தம்மா ரெண்டு வருஷமா குளிக்கல, தெரியுமா உனக்கு?"

"குளிக்கலன்னா?"

"ஈரத் துணியில தொடச்சுக்கறாங்க. ஷவருக்குப் பை கட்டி வெச்சிருக்காங்க. குளிக்கணும்னா பஸ் ஏறித் தங்கச்சி வீட்டுக்குப் போறாங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். இது அவன் எதிர்பார்த்த கணக்கில் இல்லை. தளம் கெடும், பூச்சு விழும், அக்கா திட்டுவாள் என்பதையெல்லாம் அவன் பல தடவை மனதுக்குள் போட்டுப் பார்த்திருப்பான். ஒரு வயதான பெண் பேசினோடு உட்கார்ந்திருப்பது அவன் நினைப்பில் வந்திருக்காது.

"இன்னிக்கே சொல்லிடறியாக்கா? நீ சொன்னா அவங்க கொஞ்சம்..."

"நான் சொல்ல மாட்டேன். சாயங்காலம் மாமா வருவாரு. அவரையும் கூட்டிக்கிட்டு நீ போய்ச் சொல்லு. இப்பச் சாப்பிடு. சோறு காயுது."

அவன் சாப்பிட்டான். முட்டையைத் தொடவில்லை. அவள் அதை எடுத்து மூடி வைத்தாள்.

சாயங்காலம் மூன்று பேரும் மாடிக்குப் போனார்கள். எதற்கு என்று டிரைவருக்குத் தெரியாது. மேஸ்திரி சொன்னதற்குப் பிறகு நர்ஸம்மாவை எப்படிப் பார்ப்பது என்ற யோசனையிலேயே அவர் கடைசியாக ஏறி வந்தார். உடைத்த குளியலறைக்கு முன்னால், யாரும் உட்காராமல், தம்பி சொன்னான். சரியாகச் சொல்ல வரவில்லை. நடுவிலிருந்து ஆரம்பித்து முன்னுக்குப் போய், சட்டையைச் சொல்லிவிட்டு, பிறகு அப்பாவைச் சொன்னான். "டைல்ஸ்காரன்னு சொன்னது பொய்," என்று முடித்தான்.

நர்ஸம்மா குழியைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "உங்க அப்பா தவறினது எனக்குத் தெரியும். துக்கம் விசாரிக்க வந்தேனே."

"வந்தீங்க."

"அன்னிக்கு நீங்க ஓடினதுல எனக்கு ஒண்ணுமில்ல. நானா இருந்தாலும் ஓடியிருப்பேன். ஆனா அதுக்கப்புறம் ஆயிரம் நாள் இருந்துச்சே தம்பி. ஒரு நாள் வந்து சொல்லியிருந்தா நாலு டைல்ஸ் ஒடைச்சிருப்போம். நானும் நாலு வார்த்த திட்டியிருப்பேன். முடிஞ்சு போயிருக்கும்."

டிரைவருக்குத்தான் நேரம் பிடித்தது. அவர் மச்சினனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், வெளியே கிடந்த பேசினைப் பார்த்தார். அது எதற்கு என்று மனைவி வரும் வழியில் படியில் சொல்லியிருந்தாள்.

"என் வாய வெச்சு நீ ஏசிட்ட மாப்ள," என்றார். குரல் ஏறவேயில்லை. அவர் கத்தாமல் பேசுவது கேட்டுத் தம்பி ஒரு அடி பின்னால் நகர்ந்தான். "நீ பண்ணத மறைக்க என் வாயி. அந்தம்மா படியில போறப்ப வேணும்னே கதவத் தொறந்து வெச்சுக்கிட்டுப் பேசுவேன். அவங்க காதுல விழட்டும்னு."

"விழுந்துச்சு," என்றார் நர்ஸம்மா.

டிரைவர் அவரைப் பார்த்துக் கும்பிடுவது போலக் கையைத் தூக்கினார். பாதியில் அது தன் மூஞ்சியைத் துடைப்பதாக மாறிவிட்டது. அவருக்கு அவ்வளவுதான் வந்தது. நர்ஸம்மா அதற்கு மேல் கேட்கவும் இல்லை.

"இனி யாரு வேலை செய்யறது?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தான்," என்றான் தம்பி.

"மேஸ்திரி கூட நிக்கணும்."

"நிக்கட்டும்."

மேஸ்திரி நின்றார். நின்றார் என்றால், கவிழ்த்து வைத்த பக்கெட்டில் உட்கார்ந்து, முழங்காலை நீட்டிக்கொண்டு, கட்டடத்துக்கே கேட்கும்படி ஒவ்வொன்றாகச் சொன்னார். ஓட்டையின் ஓரத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கு. பழைய பொடி ஒரு துளி இருக்கக் கூடாது, பிரஷ் போடு. தண்ணி விட்டுக் கழுவு. கீழே பலகையை முட்டுக் கொடுத்து நிறுத்து. சிமெண்ட் பாலை ஊற்று. இப்போது கான்கிரீட், பாதி மட்டும். கம்பியால் குத்து, இன்னும் குத்து, காற்று நிற்கும். மீதி நாளைக்கு. தம்பி இந்த வேலையை இருபது வருடமாகச் செய்கிறவன். ஒவ்வொன்றுக்கும் "சரிங்க" என்றான். மூன்றாம் வீட்டுக்காரர் வேடிக்கை பார்க்க வந்து, "என்ன, புதுசா வேலை கத்துக்கறீங்களா," என்று கேட்டதற்கும் "சரிங்க" என்றே சொல்லிவிட்டான்.

அவன் கீழே சீலிங் கம்பியைத் துரு போகத் தேய்த்தபோது தையல்காரி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அதிகம் பேசவில்லை. துருத்தூள் அவள் தலையில் கொட்டியது. "தள்ளி நில்லுக்கா," என்றான். "நீ பாத்து நில்லு," என்றாள். டிரைவர் அவனோடு பேச இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆனால் இரண்டாம் நாள் டீ போட்டபோது, "அவனுக்குச் சர்க்கர தூக்கலாப் போடு," என்றார்.

மேலே போட்டது காய ஐந்து நாள். அதுவரை குளியலறையில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று மேஸ்திரி வாசலில் நாற்காலியைக் குறுக்கே போட்டுவிட்டுப் போயிருந்தார். முதல் நாள் காலை எட்டரை மணிக்கு டிரைவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குளிக்கப் போகும்போது அவர் மனைவி வாசலில் நின்று மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"நர்ஸம்மா, வாங்க. வெந்நீர் போட்டு வெச்சிருக்கேன்."

டிரைவர் நின்றார். "எனக்கு ஒம்பதரைக்கு வண்டி."

"தெரியும்," என்றாள் அவள்.

நர்ஸம்மா மாற்றுத் துணி, சோப்புப் பெட்டி, ஒரு ஷாம்பூ பாட்டில் எல்லாம் கொண்டு இறங்கி வந்தார். வாசலில் தயங்கினார். டிரைவர் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்துக்கொண்டு, "போங்கம்மா. தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கமா இருக்கும், அழுத்திப் போடுங்க," என்று வழிவிட்டார். பிறகு படியில் போய் உட்கார்ந்தார்.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. முதலில் மக் மக்காக, நிறுத்தி நிறுத்தி. பிறகு யாரோ பக்கெட்டைத் தூக்கித் தலையில் கவிழ்த்த மாதிரி ஒரே சத்தம். ஷவர் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. ஒன்பதாயிற்று. ஒன்பது பத்தாயிற்று. தையல்காரி புது ஊசி மாட்டி, அடுத்த அறையில் கட்டில் ஓரத்தில் போட்டிருந்த மிஷினில் ஒரு சட்டையின் கையை முடித்தாள். டிரைவர் இரண்டு தடவை எழுந்து நின்றார், இரண்டு தடவையும் உட்கார்ந்தார். கதவைத் தட்டவில்லை. சீருடைச் சட்டையை அப்படியே மாட்டிக்கொண்டார்.

ஒன்பதேகாலுக்குக் கதவு திறந்தது. நர்ஸம்மா முகம் சிவந்து, தலையில் துண்டு சுற்றி, ஆவி பறக்க வெளியே வந்தார்.

"உங்க வீட்டுல தண்ணி நல்லா வேகமா வருது," என்றார். "நாளைக்கும் இதே நேரம் வரலாமா?"

"வாங்க," என்றார் டிரைவர்.

அவர் மேலே ஏறிப் போன பிறகு, முகத்தையாவது கழுவிக்கொள்ளலாம் என்று டிரைவர் உள்ளே போய்க் குழாயைத் திறந்தார். குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுக் காற்று விட்டது. தொட்டி காலி. குடிக்க வைத்திருந்த பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு முகத்தில் அறைந்துகொண்டு, தலையைச் சீவி, மனைவி பக்கம் திரும்பாமல் செருப்பை மாட்டினார்.

"நாளைக்கு என்னை ஏழு மணிக்கே எழுப்பி விடு," என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் போனார்.